குறுக்கெழுத்தில் தொடங்கிய உளவு
ஆரப்பாளையத்தில் தேனிப் பேருந்தில் என் பக்கத்தில் இருந்த பெரியவர், நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரில் ஒரே கட்டத்தைப் பென்சிலால் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார்.

எனக்கு 'ரூபிகான்' தொடர் நினைவுக்கு வந்துவிட்டது.

2010-இல் ஏஎம்சி தொலைக்காட்சியில் வெளிவந்து, 13 பகுதிகளோடு நிறுத்தப்பட்ட அமெரிக்கத் தொடர் அது. வெவ்வேறு நாளிதழ்களின் குறுக்கெழுத்துகளுக்குள் ஓர் ஒற்றுமை ஒளிந்திருப்பதை வில் டிராவர்ஸ் என்னும் உளவுப் பகுப்பாய்வாளர் கவனிப்பதில் கதை பிடிபடத் தொடங்கும்.

துரத்தல்கள் குறைவு. நியூயார்க் அலுவலகமொன்றில் கோப்புகளுக்குள் மூழ்கிக் கிடப்பவர்கள், தாங்கள் தரும் ஒரு பரிந்துரையால் எங்கோ குண்டு விழுந்து மனிதர்கள் சாகக்கூடும் என்று தெரிந்தே முடிவெடுக்க வேண்டிய வேதனையை, வேறெந்த உளவுத் தொடரும் என் மனத்தில் இவ்வளவு ஆழமாகப் பதித்ததில்லை.

மெதுவாகப் போகிறது என்பார்கள். அந்த நிதானந்தான் அதன் உயிர். இரண்டாவது பருவம் அதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.