பார் ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி போதாது

வாடிக்கையாளருக்கு எவ்வளவு மது கொடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்ததோடு பல ஹோட்டல் பார்களில் பயிற்சி முடிந்துவிடுகிறது. ஷிஃப்ட் தொடங்குமுன் பத்து நிமிஷம், வாராவாரம் நடக்க வேண்டியது இது.

முதலில் கணக்கு. 42.8 சதவீத விஸ்கி 30 மில்லியில், அதாவது ஒரு ஸ்மாலில், சுமார் 10 கிராம் ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம், அதாவது நாலு ஸ்மால்! "பீர்தானே" என்று மூணு பாட்டில் கொடுத்தால் பன்னிரண்டு ஸ்மால் உள்ளே போயிருக்கும். உடம்பு கழிப்பது மணிக்கு ஏறக்குறைய ஒரு ஸ்மால்தான். காபி, மோர், லெமன் எதுவும் அதை வேகப்படுத்தாது. வண்டி ஓட்டுபவருக்குச் சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்.

அதிகம் கோட்டை விடுவது ஷிஃப்ட் மாறும்போது. பழைய பில்லை முடித்துப் புது பில் போட்டதும் அந்த டேபிளின் கணக்கு பூஜ்யமாகிவிடும். எத்தனை போயிருக்கிறது என்று அடுத்தவரிடம் வாயால் சொல்லியே ஆக வேண்டும்.

நிறுத்துவதைச் சபையில் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய், குரல் தாழ்த்தி, "சார், டிரிங்க்ஸ் இதோட நிறுத்திக்கலாம் சார். சாப்பாடு கொண்டுவரட்டுமா? ஆட்டோ சொல்லிடறேன்." போதை என்ற வார்த்தையே வரக்கூடாது, வந்தால் சண்டைதான். உடனே கவுன்டருக்கும் மற்ற சர்வர்களுக்கும் சொல்லிவிட வேண்டும்; இல்லையென்றால் இன்னொருவர் ஊற்றிக் கொடுத்துவிடுவார்.

தமிழ்நாட்டில் மது கொடுக்கக் குறைந்தபட்ச வயது 21. அடையாள அட்டையில் போட்டோவோடு பிறந்த தேதியையும் பாருங்கள். மறுத்த சர்வரை வாடிக்கையாளர் முன்னால் மேனேஜர் திட்டினால், அப்புறம் அந்தப் பார்ல யாரும் மறுக்கமாட்டார்கள்.