வெளிப்பக்கம் திறக்கும் கதவு

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. மூன்றாம் நாள் காலை, "நீ உக்காரு கண்ணு, நானே போய்ட்டு வந்துர்றேன்" என்று பாத்ரூமுக்குள் போனவர், தலைசுற்றி விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஆனாலும் நாலு விரற்கடைக்கு மேல் கதவு நகரவில்லை, ஏனென்றால் அம்மா அதன் மேலேயே சரிந்து கிடந்தார், கதவோ உள்பக்கம் திறக்கிற கதவு. அழுத்தித் தள்ளினால் வயிற்றில் தையலோடு இருப்பவரைத்தான் இடிக்கும். இடுக்கில் நைட்டி ஓரமும் ஒரு பாதமும் மட்டும் தெரிந்தன. வார்டு ஆயாம்மா ஒருவர் வந்து தரையில் உட்கார்ந்து, அந்த இடுக்கு வழியாகக் கையை விட்டு, அம்மாவின் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி ஒதுக்கின பிறகுதான் உள்ளே போக முடிந்தது. நல்லவேளை, பெரிய அடி இல்லை.

நான் சிவில் இன்ஜினியர். அதற்கு முன் இரண்டு மருத்துவமனைகள் கட்டியிருக்கிறேன். இரண்டிலும் எல்லா பாத்ரூம் கதவும் உள்பக்கம் திறப்பவைதான். அன்று ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

ஏன் அப்படி வைக்கிறோம் என்றால், வீட்டில் அப்படித்தான் வைக்கிறோம். குளித்த ஈரம் கதவிலிருந்து அறைக்குள் சொட்டக்கூடாது, திறந்த கதவு கட்டிலில் இடிக்கக்கூடாது. நியாயமான காரணங்கள்தான், வீட்டுக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், அல்லது நகர்த்தும் கதவாக இருக்கவேண்டும், திறப்பு 900 மி.மீ. அகலம் வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து மாடிக்கு ஒன்று அப்படிக் கட்டி, வாசலில் சக்கர நாற்காலி படம் ஒட்டிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் எழுந்து நடக்கிறவர் வேறு யார்? அந்த ஒரு வாரத்துக்கு அவரும் அந்தப் படத்தில் இருக்கிறவர்தானே.

போன வருடம் ஏற்காட்டில் ஒரு டிரஸ்ட்டுக்காக 12 படுக்கை கிளினிக் கட்டும் வேலை வந்தது. மேலே ஒரு நோயாளி விழுந்து இடுப்பு முறிந்தால் ஆம்புலன்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வரவேண்டும், உடைந்த எலும்போடு ஒவ்வொரு வளைவிலும் புரண்டுகொண்டு. அதனால் இங்கே விழவே விடக்கூடாது, விழுந்தால் ஒரு நிமிடத்தில் கை எட்டவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். இன்னொரு சங்கதி, மலையில் மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டம். மரக்கதவு ஊறி நிலையோடு கவ்விக்கொள்ளும், தோளால் இடித்தால்தான் திறக்கும். மெலிந்த நோயாளி எங்கே இடிப்பது? பி.வி.சி. கதவு போட்டோம். பூட்டை வெளியிலிருந்து நாணயத்தைச் செருகித் திருப்பினாலே திறக்கிற மாதிரி வாங்கினோம்.

வெளிப்பக்கம் திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்றார் மேஸ்திரி. அதுவும் உண்மை. அதனால் அஸ்திவாரத்துக்கு முன்னாடியே, காலி இடத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு அறையை முழு அளவில் வரைந்தோம். கட்டிலுக்குப் பதில் பலகை, கதவுக்குப் பதில் ஒரு அட்டை. பக்கத்துக் கிளினிக்கில் பல வருடம் வேலை பார்த்த ஓர் ஆயாம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, நோயாளியைக் கூட்டிட்டுப் போற மாதிரி நடந்து காட்டுங்க" என்றேன். என் கையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் டிரிப்ஸ் ஸ்டாண்டு பிடிக்கிற பாவனையோடு நடந்தார். இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு போகும்போது வாசல் எவ்வளவு குறுகல் என்று அப்போதுதான் என் உடம்புக்கே தெரிந்தது. கட்டிலை முக்கால் அடி ஜன்னல் பக்கம் தள்ளினோம், கதவுக்கு இடம் கிடைத்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

வாசலில் நின்று தரையைக் காட்டி அவர் கேட்டார், "இங்க மேடு கட்டுவீங்களா? கட்டாதீங்க தம்பி, அதுலதான் ஸ்டாண்டு சக்கரம் மாட்டும், தடுக்கி விழுவாங்க." தண்ணீர் வெளியே வராமலிருக்க நாம் வழக்கமாகக் கட்டுகிற அந்த ஒன்றரை அங்குல மேடு! அதை எடுத்துவிட்டு, தரைக்கு உள்பக்கமாக நல்ல சரிவு கொடுத்து, வாசலை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் விட்டு அதன் மேல் சல்லடைத் தகடு போட்டோம். டைல்ஸ் ஒட்டுகிறவருக்குச் சரிவு பிடிபட இரண்டு தடவை பெயர்த்து ஒட்டவேண்டியிருந்தது. அப்புறம் சரியாக வந்தது. கூப்பிடு மணியின் கயிற்றைத் தரை தொடும் அளவுக்குத் தொங்கவிட்டோம், விழுந்தவருக்கும் எட்டவேண்டுமே.

இப்போது சேலத்தில் நாலு மாடி மருத்துவமனை ஒன்றின் பிளான் என் மேஜை மேல் இருக்கிறது. காரிடார் 2.4 மீட்டர், இரண்டு ஸ்ட்ரெச்சர் எதிரெதிரே தாராளமாகப் போகும். சரிவுப்பாதை 12-க்கு 1, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம், சரி. 36 பாத்ரூமில் 33-க்குக் கதவு உள்பக்கம். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பிளானில் ஒரு வளைகோடு காட்டும், நேற்று ராத்திரி சிவப்புப் பேனாவால் அந்த 33 வளைகோட்டையும் வெளிப்பக்கமாகத் திருப்பி வரைந்துவிட்டேன். எந்தெந்தக் கட்டில் நகரவேண்டும் என்று திங்கட்கிழமை ஆர்க்கிடெக்டோடு உட்காரவேண்டும், அந்த ஆயாம்மாவையும் சேலத்துக்கு வரச்சொல்லியிருக்கிறேன்.