ஆயாவோட காது மிஷினும் என்னோட ஐஇஎம்மும்

கிருஷ்ணகிரில இருந்து ஓசூருக்கு தினமும் பஸ்ல போய்ட்டு வர்றவன் நான், போக வர 100 கிலோமீட்டருக்கு மேல, அதுல டிரைவர் போடற பாட்டு ஒரு பக்கம், மேலுமலை இறக்கத்துல இன்ஜின் உறுமல் ஒரு பக்கம், அதனாலதான் போன வருஷம் காசு சேத்து ஒரு ஐஇஎம் வாங்கினேன். இன்-இயர் மானிட்டர்ங்க, மேடைல பாடறவங்க காதுல மாட்டிருப்பாங்களே அதேதான்.

வாங்கி மாட்டினா பேஸே இல்ல, அதாங்க தவில், டிரம்ஸோட அந்த கனமான அடி சத்தம். தகர டப்பாவ தட்டற மாதிரி சத்தம். சரி மட்டமான பீஸ் போலன்னு அத தம்பிக்கு குடுத்துட்டு இன்னும் கொஞ்சம் விலை கூட போட்டு இன்னொன்னு வாங்கினேன், அதுவும் அப்படியே!

அப்புறம்தான் ஆயாவுக்கு காது மிஷின் வாங்க கூட்டிட்டு போனேன். அங்க இருந்த பொண்ணு ஒரு காதுக்கு சின்ன ரப்பர், இன்னொண்ணுக்கு பெரிய ரப்பர் போட்டாங்க. ஏங்க இப்படின்னேன், "ஒருத்தருக்கே ரெண்டு காதும் ஒரே அளவா இருக்காதுங்க"ன்னாங்க. எனக்கு பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ஐஇஎம் டப்பாக்குள்ள தூங்கிட்டு இருந்த மத்த டிப்ஸ, அதாவது காதுக்குள்ள போற ரப்பர் முனைங்கள எடுத்து இடதுல எல் சைஸ், வலதுல எம் சைஸ் போட்டேன். அடேங்கப்பா, தவில் சத்தம் நெஞ்சுல வந்து விழுது! கேஸ்கட் லூசான குக்கர்ல விசில் வராதுல்ல, அந்த கதைதான், சிலிக்கான் டிப் காத அடைக்கலன்னா முதல்ல கசிஞ்சு போறது பேஸ்தான். ரெண்டாவது பீஸுக்கு குடுத்த காசு தண்டம்.

இன்னொரு கூத்து என்னன்னா சில ஐஇஎம்குள்ள இருக்கற பேலன்ஸ்டு ஆர்மேச்சர்ங்கற குட்டி டிரைவர் (பஸ் டிரைவர் இல்லீங்க, சத்தத்த உண்டாக்கற பாகம்) காது மிஷின்ல இருந்து வந்ததாம். என்னோடதுல டைனமிக் டிரைவர்தான், ஸ்பீக்கர் மாதிரியே சவ்வு ஆடி சத்தம் வரும். 1995ல ஜெர்ரி ஹார்வின்னு ஒரு சவுண்ட் இன்ஜினியர் வான் ஹேலன்ங்கற ராக் பேண்ட் டிரம்மருக்காக காது அச்சு எடுத்து ஐஇஎம் செஞ்சு குடுத்திருக்காரு, ஐஇஎம் செய்யற அல்டிமேட் இயர்ஸ் கம்பெனி அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. டிரம்ஸ் பக்கத்துல உக்காந்தவருக்கே வெளிச்சத்தம் அடங்குச்சுன்னா நம்ம பஸ் எம்மாத்திரம்.

ஒயர காதுக்கு மேல சுத்தி பின்னாடி விடுங்க, தொங்க விட்டா சட்டைல உரசற சத்தமெல்லாம் உள்ள கேக்கும். ஒயர் போச்சுன்னா தூக்கி போடாதீங்க, என்னோடது 0.78 மில்லிமீட்டர் டூ-பின், அதாவது ரெண்டு குட்டி ஊசி சொருகற மாதிரி, கழட்டி வேற மாட்டிக்கலாம். சத்தம் திடீர்னு ஒரு பக்கம் கம்மியானா பெரும்பாலும் முனைல இருக்கற வலைல காது அழுக்கு, பழைய டூத் பிரஷ் போதும், தண்ணில மட்டும் முக்கிடாதீங்க (தம்பி முக்கினான்).

வால்யூம் முன்னாடி முக்காவாசிக்கு மேல வைப்பேன், இப்ப பாதி கூட தேவப்படல. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நான் பஸ்லயே 15 மணி நேரத்த தின்னுடறேன்.

ஆனா அடைப்பு நல்லா அமைஞ்சதுல ஒரு வம்பு. போன மாசம் ராத்திரி சேலம் பஸ்ல ஏறி கண்ண மூடிட்டேன், கண்டக்டர் கிருஷ்ணகிரி கிருஷ்ணகிரின்னு கத்தினது ஒண்ணும் கேக்கல, முழிச்சு பாத்தா ஊரு தாண்டி காவேரிப்பட்டணம். இப்பல்லாம் கிருஷ்ணகிரிக்கு முன்னாடி குருபரப்பள்ளி வந்ததுமே வலது காதுல இருக்கறத கழட்டிடறது.