கல்லடிக் கிணற்று நீருக்கு ஏற்ற சவரச் சவர்க்காரம்

2022இல் இலங்கையில் ஒரு டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, அமுக்கினால் நுரை வரும் தகரப் புட்டியை வாங்குவது வீண் செலவாகத் தோன்றத் தொடங்கியது. இருபக்க பிளேட் பூட்டும் றேசர், பிறஷ், கிண்ணம், சவரச் சவர்க்காரம் என்ற பழைய முறைக்கு மாறலாம் என்று முடிவு செய்தேன். றேசரும் பிளேட்டும் வாங்குவதற்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சவர்க்காரத்தைத் தெரிவு செய்வதற்குத்தான் நாள் எடுத்தது.

குளியல் சவர்க்காரத்தைப் பிறஷில் தேய்த்தாலும் நுரை வரத்தானே செய்கிறது, தனியாக ஒன்று எதற்கு என்பது எல்லோருக்கும் எழும் கேள்வி. குளியல் கட்டி பெரும்பாலும் சோடியம் ஐதரொட்சைட்டுக் கொண்டு செய்யப்படுவது; அதன் நுரை பெரிய குமிழ்களாக எழுந்து, ஒரு கன்னத்தை வழித்து மறு கன்னத்துக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். சவரத்துக்கென்று செய்யப்படுவதில் ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் கூடுதலாகவும், காரத்தில் பெரும்பங்கு பொட்டாசியம் ஐதரொட்சைட்டாகவும் இருக்கும். பொட்டாசியம் உப்பு நீரில் எளிதாகக் கரைந்து மென்மையைத் தருகிறது. ஸ்டியரிக் அமிலம் நுரையை அடர்த்தியாக நெடுநேரம் நிற்க வைக்கிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பெட்டியின் பின்புறத்தில் ஸ்டியரிக் அமிலம் அல்லது பொட்டாசியம் ஸ்டியரேட் முதல் சில பெயர்களுக்குள் இல்லையென்றால், முன்புறத்தில் என்ன படம் போட்டிருந்தாலும் நான் அதைத் திரும்ப வைத்துவிடுவேன்.

இந்தத் துறையில் எழுதுவோர் வாசனையிலிருந்து பேச்சைத் தொடங்குவது வழக்கம். நம் பக்கத்தில் நீரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். மட்டக்களப்பு நகரை அடுத்த எங்கள் கல்லடி, வாவிக்கும் கடலுக்கும் இடையிலான மணல் திட்டு. ஆழமில்லாத கிணறுகளின் நீர் கோடையில் உவர்ப்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். உவர்ப்பு ஒருபுறமிருக்க, நீரில் கல்சியமும் மக்னீசியமும் கூடினால் அவை ஸ்டியரேட்டுடன் சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். நுரையாக வேண்டியது கிண்ணத்தின் ஓரத்தில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். நகரத்தில் நெடுங்காலம் சலூன் நடத்திய முதியவர் ஒருவரிடம் எந்தச் சவர்க்காரம் நல்லது என்று கேட்டபோது, "சோப்பு எதெண்டாலும் பரவாயில்ல மனே, முதல்ல தண்ணியப் பாருங்க" என்றார்.

பார்ப்பதற்குக் கருவி தேவையில்லை. ஒரே அளவான மூடி போட்ட போத்தல்கள் மூன்றை எடுத்து, ஒன்றில் கிணற்று நீரும், ஒன்றில் உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய் நீரும், ஒன்றில் மாரியில் பிடித்து வைத்த மழை நீரும் கால்வாசி ஊற்றி, மூன்றிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவலைப் போட்டுக் குலுக்கினேன். மழை நீரில் நுரை நெடுநேரம் நின்றது. குழாய் நீரிலும் குறை சொல்ல முடியாது. கிணற்று நீர் பால்போல் கலங்கி, மேலே திட்டுத்திட்டாகப் படிவு மிதந்தது. அன்றிலிருந்து கிணறு குளிப்பதற்கு மட்டும்தான். கிணற்று நீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் அதைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிந்த மேல்நீரை எடுத்தால் வன்மையில், அதாவது அந்தக் கல்சியம், மக்னீசியத்தில், ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். உப்பு மட்டும் அப்படிப் போகாது. கல்சியத்தைப் பிடித்து வைக்கும் டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ. சேர்ந்த சவர்க்காரம் இத்தகைய நீரில் ஓரளவு உதவும். தேங்காயெண்ணெய் கூடிய சவர்க்காரம் உப்பு நீரிலும் நுரைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது தோலை வறளச் செய்வதால் அதை மட்டும் நம்பி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீருக்கு அடுத்ததாகக் கொழுப்பு. விலை மலிந்தும் நுரையில் சிறந்தும் உள்ள சவரச் சவர்க்காரங்கள் சில விலங்குக் கொழுப்பில் செய்யப்படுபவை. துருக்கியில் தயாராகும் ஆர்கோ குச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெட்டியில் 'டலோவேட்' என்று முடியும் பெயர் இருந்தால் அது கொழுப்பிலிருந்து வந்தது என்று பொருள். எந்த விலங்கினது என்பதை அச்சொல் சொல்லாது. நம் மாவட்டத்தில் மாட்டை விலக்கும் வீடுகளும் பன்றியை விலக்கும் வீடுகளும் அடுத்தடுத்து இருப்பதால் இதை ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்டியரிக் அமிலமும் தாவரம், விலங்கு இரண்டிலிருந்தும் எடுக்கப்படுவது என்பதால், உறுதி வேண்டுவோர் தாவர எண்ணெய் மட்டும் என்று வெளிப்படையாக எழுதியிருப்பதைத் தேட வேண்டும். பிறஷுக்கும் இதே கேள்வி உண்டு. காத்தான்குடிக் கடையொன்றில் பிறஷ் கேட்டபோது, "பண்டி மசிர் பிறஷ் நாங்க எடுக்கிறல்ல தம்பி, இது நைலோன்" என்று சொல்லி எடுத்துத் தந்தார்கள். அது நல்லதாகவே போயிற்று: விலங்கு மயிர் பிறஷை முதலில் ஊறவைக்க வேண்டும், நைலோனுக்கு அது தேவையில்லை, ஈரப்பதமான நாட்களிலும் விரைவில் காய்ந்துவிடும்.

வாசனையை நான் கடைசியில்தான் பார்த்தேன். இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து புரோராசோ இத்துறையில் பெயர்பெற்றது. அதன் பச்சை வகையில் மென்தோலும் யூக்கலிப்டசு எண்ணெயும் உண்டு. நம் சித்திரை வெயிலில் மென்தோல் இதமாகத்தான் இருக்கும், ஆனால் தோல் எரியும் இயல்புள்ளவர்களுக்கு அதுவே எதிரி. நான் முழங்கையின் உட்பக்கத்தில் நுரையைச் சிறிது பூசிக் கழுவி, மறுநாள் வரை பொறுத்துப் பார்த்த பின்னரே முகத்துக்குக் கொண்டுசென்றேன். இறுதியில் நிலைத்தது தாவர எண்ணெயில் செய்த, மணம் மிகக் குறைந்த வட்டக் கட்டி ஒன்று.

ஒரு கட்டி நல்லதா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் நுரை எடுக்கும் பக்குவம் கைக்கு வர வேண்டும். பிறஷை நனைத்து உதறி, ஈரமாக மட்டும் வைத்துக்கொண்டு, கட்டியின் மேல் அரை நிமிடமளவு சுழற்ற வேண்டும். பிறஷின் நுனியில் பசைபோல் ஏறிய பிறகு கிண்ணத்துக்கு மாற்றி, சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்துச் சுழற்றிக்கொண்டே போனால் குமிழ்கள் சிறுத்து மறைந்து, சட்டியில் உறைந்த எருமைத் தயிரைப்போல் பளபளப்புடன் நிற்கும். குமிழ் பெரிதாகத் தெரிந்தால் சவர்க்காரம் போதாது அல்லது நீர் கூடிவிட்டது; முகத்தில் இழுத்துக் காய்ந்தால் நீர் போதாது. அவசரக்காரர்களுக்கு டியூபில் வரும் சவரக் கிறீம் எளிது, பாதாம் பருப்பளவு பிதுக்கினால் போதும்; ஆனால் கட்டி அதைவிட நெடுநாள் வரும். குச்சி வடிவம் கிண்ணமே இல்லாமல் நேராகத் தாடியில் தேய்ப்பதற்கு. பயணம் போகிறவர்களுக்கு அதைச் சொல்வேன்.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியது மாரிகாலம். ஈரக் கட்டியை உடனே மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், தகர மூடியோ கடற்காற்றில் துருவேறும். நான் கட்டியை அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தட்டில் காயவிட்டு, மறுநாள்தான் மூடுகிறேன். பிறஷையும் கழுவி உதறி, மயிர்ப்பக்கம் கீழே வரும்படி தொங்கவிட்டால் அடிப்பகுதியில் நீர் தங்காது.