கூரையில்லாமல் நின்ற சுவரை நம்பலாமா?

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருந்த காணி விடுபட்டதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சுவர் நிக்குதுதானே, கூரையைப் போட்டால் காணாதோ?" பரம்பரையாகக் கட்டட வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆறங்குல ஆணி போதும்.

1990இல் போரால் சனம் வெளிக்கிட்ட பிறகு ஓடு, வளை, நிலை, யன்னல் எல்லாம் கழன்று போக, கால்நூற்றாண்டு மாரிமழை நேரே சுவருக்குள் இறங்கியிருக்கிறது. கல்லிடைச் சாந்தை ஆணியால் சுரண்டுங்கள். அரை அங்குலத்தோடு கெட்டியாக நின்றால் சுவரை வைத்திருக்கலாம். இரண்டு அங்குலம் போயும் மாவாகக் கொட்டினால் இடிக்கத்தான் வேணும். யன்னலுக்கு மேலே போட்ட கொங்கிரீட் வளையான லிண்டலைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் உள்ளே கம்பி துருவேறி ஊதிவிட்டது. கடற்கரையோரம் மயிலிட்டிப் பக்கம் உப்புக்காற்றுக்கு இது சாதாரணம். சுவரில் முளைத்த ஆலமரத்தை வெளியே மட்டும் வெட்டிப் பிரயோசனமில்லை. வேர் ஓடிய வரிக் கல்லைப் பிரித்தெடுக்காவிட்டால் அடுத்த மாரிக்குத் திரும்பத் துளிர்க்கும்.

இதெல்லாம் கண்ணிவெடி அகற்றியாச்சு என்று உறுதியான பிறகுதான். அதுவரை பற்றைக்கு நெருப்பு வைக்கவோ அலவாங்கு போடவோ கூடாது. எல்லைக்கல்லும் இருக்காது, பழைய காணி உறுதிப் பத்திரத்தோடு நில அளவையாளரைக் கூப்பிட்ட பிறகே அத்திவாரக் கயிறு கட்டலாம்.

இடிக்காத சுவருக்கு வெறும் சீமெந்துப் பூச்சு வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அதை அடைத்துப்போட, பூச்சு பாளம் பாளமாகக் கழலும். பூச்சுக் கலவை இதுதான்: ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். சுண்ணாம்பை நீற்றி இரண்டு கிழமையாவது தண்ணீருக்குள் ஊறவிட வேணும். 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை நின்று, பொருளாதாரத் தடையில் சீமெந்தும் வராமல்போன காலத்தில் யாழ்ப்பாணத்து மேசன்மாருக்குக் கைகொடுத்தது சுண்ணாம்பும் பனைமர உத்தரமான பனந்தீராந்தியும்தான். மணலைக் கடற்கரைப் பக்கம் எடுத்தால் கழுவாமல் பாவிக்காதீர்கள், உப்புப் பூக்கும்.

போருக்குப் பிறகு இந்திய அரசு உதவிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாகத்தான் வந்தது. முதல் காசில் பெரிய அத்திவாரம் போட்டவர்கள் சுவர் மட்டத்தில் நின்றுபோனார்கள். எங்களைப் போன்ற சிறு கொந்தராத்துக்காரருக்குப் பாதுகாப்பு, கூலிக்கு மட்டும் பேசுவது: சீமெந்தும் கம்பியும் வீட்டுக்காரர் வாங்கட்டும். பொருளையும் நாங்களே பொறுப்பேற்றால், அடுத்த கட்டக் காசு வரும்வரை கடைக்கடன் எங்கள் தலையில்.