அம்மம்மாவின் முழுப் பெயர்

அம்மா ஒரு வியாழக்கிழமை இரவு, கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எங்கள் வீட்டில், தன் கட்டிலிலேயே காலமானார். இதய நோய்க்கு நீண்ட நாட்களாக மருந்து எடுத்துவந்தவர். கடைசி மாதம் எழுந்து நடக்கவே இல்லை. வரும் என்று தெரிந்திருந்த மரணம்தான். ஆனால் உயிர் பிரிந்ததும் முதலில் யாரை அழைப்பது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்படி ஓர் இரவு உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அடுத்த வீட்டு அக்கா 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழைக்கச் சொன்னார். மூச்சு இருக்கிறதோ என்ற ஐயம் துளியளவு இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். எங்களுக்கு ஐயம் இருக்கவில்லை. அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்தோம். இரவில் வீட்டுக்கு வர ஆள் இல்லை என்று இரண்டே சொற்களில் வைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு அம்மாவை வழக்கமாகப் பார்த்த டொக்டரை எழுப்பினோம். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்கள், வருகிறேன்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதை வந்த பிறகு விளக்கினார். உயிர் போன பின் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் உடல் பெரும்பாலும் திடீர் மரண விசாரணைக்கே போகும். பொலிஸார் வாக்குமூலம் எடுப்பார்கள். காரணம் தெளிவில்லாவிட்டால் சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். விழுந்து இறந்தவருக்கும், விபத்தில் போனவருக்கும், திடீரென்று காரணம் தெரியாமல் இறந்தவருக்கும் அது நடந்தே ஆக வேண்டும். அதைக் குறுக்கு வழியில் தவிர்க்க நினைப்பது இறந்தவருக்குச் செய்யும் அநியாயம். அம்மாவின் நிலை வேறு. டொக்டர் உடலைப் பார்த்தார், கொப்பியைப் புரட்டினார், மரணத்துக்கான காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அப்போது நேரம் நள்ளிரவு தாண்டிவிட்டது.

அந்தத் தாள் இல்லாமல், இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் மலர்ச்சாலைக்காரர் உடலைத் தொடவில்லை. அண்ணா ரொறன்ரோவிலிருந்து வந்து சேரச் சனிக்கிழமை இரவாகிவிடும் என்பதால் உடல் கெடாதிருக்க எம்பாம் செய்யாமல் வைத்திருக்க முடியாது. இரத்தக் குழாய்களில் போமலின் கலந்த திரவத்தை ஏற்றிவிட்டால், பின்னர் ஏதும் சந்தேகம் எழுந்து பரிசோதிக்க நேர்ந்தாலும் பல விடயங்களைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் முதலில் காகிதம், பிறகு மருந்து. விடியும்வரை அம்மாவை அனுப்பாமல் எங்களோடு வைத்திருந்தோம். மாமி தலைமாட்டில் குத்துவிளக்கை ஏற்றி, விடியும் மட்டும் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்.

வெள்ளி காலையில் கிராம சேவகரிடம் போனோம். வீட்டில் நேர்ந்த மரணத்துக்கு அவருடைய அறிக்கை வேண்டும். அதற்கான படிவத்தை எல்லோரும் பி 24 என்றுதான் சொல்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து பார்த்தார், அயலவரிடம் இரண்டு வார்த்தை கேட்டார், எழுதித் தந்தார். நல்ல மனிதர்.

அடுத்தது எங்கள் பிரிவின் பிறப்பு இறப்புப் பதிவாளர். மரணத்தை ஐந்து நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆனால் தகனத்துக்கு முன்பே முடித்துவிடுவதுதான் நல்லது. அம்மாவின் அடையாள அட்டை, டொக்டரின் கடிதம், கிராம சேவகரின் அறிக்கை எல்லாம் கையில் இருந்தன. இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தபோது அவர் கேட்டார்: "இறந்தவரின் தாயின் முழுப் பெயர்?"

எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு அவர் அம்மம்மா, ஊருக்கு ஆச்சி. அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் இருந்திருக்கும். அது 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துவிட்டது. அதன் பிரதி எடுக்க வேண்டும் என்று அம்மா பல தடவை சொன்னதுண்டு, நாங்கள்தான் எடுக்கவில்லை. பதிவாளரின் மேசைக்கு முன்னால் நின்றபடியே சாவகச்சேரியில் இருக்கும் பெரியம்மாவுக்கு அழைத்தேன். அவர் அழுதுகொண்டே எழுத்து எழுத்தாகச் சொன்னார்: தாயின் பெயர், தகப்பனின் பெயர். கேட்காமலே பாட்டியின் பெயரையும் சொன்னார்.

பதிவாளர் சிங்களத்தில் எழுதினார். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. என்றாலும் அந்த அறையில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கொழும்பில் வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். கையொப்பமிடு முன் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அம்மாவின் பெயரில் உள்ள ழகரத்துக்கு அந்த மொழியில் எழுத்தே இல்லை, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. சொன்னவுடனே திருத்திக்கொண்டார். கையொப்பத்துக்குப் பிறகு என்றால் தனி விண்ணப்பம், ஆதாரங்கள், மாதக்கணக்கில் அலைச்சல். வங்கிக் கணக்கோ காணி உறுதியோ மாற்றப் போகும்போது அந்த ஓர் எழுத்து வழியை மறிக்கும். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைத் தயவுசெய்து கூட்டிக்கொண்டு போங்கள்.

கனத்தை மயானத்தில் தகனத்துக்கான நேரத்தை மாநகர சபையின் மயான அலுவலகத்தில் பதிய வேண்டும். நேரம் கையில் கிடைத்த பிறகே வீரகேசரிப் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் கொடுத்தோம். "சனிப் பிணம் தனிப் போகாது" என்று மாமி சனிக்கிழமையை ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணாவும் வர வேண்டும் என்பதால் ஞாயிறு பிற்பகலுக்கு எடுத்தோம்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போகாமல் வீட்டுப் படலையோடு நின்றுவிடுவார்கள். நான் நிற்கவில்லை. மூன்று நாட்களும் அம்மாவுக்காக அலுவலகப் படிகள் ஏறி இறங்கியவள் நான், கடைசி வாசல்வரை போக எனக்கு உரிமை உண்டு என்று அண்ணாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வான் வண்டியில் எனக்கு இடம் விட்டார்.

மறுநாள் சாம்பல் எடுத்தோம். 31ஆம் நாள் முகத்துவாரத்தில் அந்தியேட்டிக் கிரியை. ஐயர் சங்கற்பத்துக்குப் பெயர்களைக் கேட்டபோது அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரியம்மா சொல்ல எழுதிக்கொண்ட தாள் என் கைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.