வண்டியில் வலப்பக்கமாக ஏறுவது எப்படி

மூன்று வாரமாக ராத்திரி 9 மணிக்கு மேல் என் மச்சானின் லேத் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில், கல்யாணமாகிக் குழந்தை குட்டி பெற்ற மூன்று ஆண்கள் ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, நிற்கிற வண்டியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறோம். வண்டி எங்கேயும் போகாது. மச்சானின் மனைவி (எல்லோருக்கும் அக்கா) பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்து "நாப்பத்தி ஒண்ணு" என்று சத்தம் கொடுப்பார். நாங்கள் ஹெல்மெட்டுக்குள் எதையாவது முணுமுணுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் துணி எடுக்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். என்ன செய்கிறோம் என்று அவர்களிடம் விளக்கவில்லை. விளக்கினால் இருக்கிற மரியாதையும் போய்விடும்.

விஷயம் இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு 3 மணி நேர பைக் எண்டியூரன்ஸ் ரேஸ். கிளப் அளவில் நடப்பது, பேப்பரில் எல்லாம் வராது. ஒரு வண்டி, மூன்று பேர், மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், 3 மணி நேரத்தில் யார் அதிகச் சுற்று வந்தார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். எங்களுக்கு இதுதான் முதல் தடவை.

கோயம்புத்தூர்க்காரனுக்கு ரேஸ் பைத்தியம் வருவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. கரிவரதன் இந்த ஊர்க்காரர், சொந்தமாக ரேஸ் கார் கட்டியவர், 1995இல் விமான விபத்தில் போய்விட்டார், செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். 2005இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1இல் ஓட்டியபோது நான் காலேஜ் ஹாஸ்டலில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். டிராக்கில் ஒரு நாள் பணம் கட்டி ஓட்டலாம் என்று தெரிந்தது நாற்பதை நெருங்கும்போதுதான். போனேன், கெட்டேன்.

டீம் என்றால் நான், மச்சான், வாத்தியார். வாத்தியார் பாலிடெக்னிக்கில் இயற்பியல் எடுக்கிறவர், 46 வயது, ஐந்தரை அடிக்கும் குறைவு. மச்சான் ஆறடி. வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய யமஹா ஆர்15 வெர்ஷன் 2 பைக், 149 சிசி. இவர்கள் போக, கணபதியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஓட்ட மாட்டார், காசும் வாங்க மாட்டார், ஆனால் எங்களைத் திட்டுகிற முழு உரிமையும் அவருடையது.

முதல் ஒரு மாதம் எல்லாக் கத்துக்குட்டிகளும் செய்வதையே நாங்களும் செய்தோம். எப்படி இன்னும் வேகமாக ஓட்டுவது? எந்த வளைவில் பிரேக்கை எவ்வளவு லேட்டாகப் பிடிப்பது, பின் ஸ்பிராக்கெட்டை மாற்றலாமா, எந்த டயர். பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நாள், "வேகத்தை வுடுங்க தம்பி. மொதல்ல 3 மணி நேரம் கழிச்சு வண்டி வண்டியா திரும்பி வருதான்னு பாருங்க" என்றார்.

அவர் சொன்னது அடுத்த பிராக்டிஸிலேயே பலித்தது. அதுவரை நாங்கள் ஒரே மூச்சில் 15, 20 நிமிடத்துக்கு மேல் ஓட்டியதே இல்லை. அன்றைக்கு நான் 50 நிமிடம் ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. முக்கால் மணி நேரம் தாண்டியபோது சத்தம் கொஞ்சம் மாறின மாதிரி இருந்தது, நான்தான் ஹெல்மெட்டில் காற்று புகுகிறது என்று விட்டுவிட்டேன். உள்ளே வந்து பார்த்தால் சைலன்சரைப் பிடிக்கிற போல்ட் எங்கேயோ விழுந்து, குழாய் ஆடி ஆடி, இன்ஜினுக்குக் கீழே மாட்டியிருந்த ஃபைபர் தட்டில் (பெல்லி பேன்) உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. ஒற்றை சிலிண்டர் வண்டியை மணிக்கணக்கில் முழு திராட்டிலில் விரட்டினால் அந்த அதிர்வில் எல்லா நட்டும் மெதுவாகத் திரும்ப ஆரம்பிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அன்று ராத்திரி அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷ் பட்டறைக்கு வந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் சரியான அளவுக்கு இறுக்கி, போல்ட் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கிற பாகம் வரைக்கும் ஒரு கோடு. கோடு நேராக இருந்தால் சரி, விலகியிருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது. டார்ச் அடித்துச் சுற்றி வந்தால் முழு வண்டியையும் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். பாட்டில் பாதி காலி. "இதுக்கு வேற வாங்கித் தரணும்" என்று அக்கா சொல்லி இரண்டு வாரமாகிறது, இன்னும் வாங்கவில்லை.

அப்புறம் லாக் வயர். ஆயில் டிரெய்ன் போல்ட், ஆயில் ஃபில்டர் மூடிப் போல்ட்டுகள் மாதிரி கழன்றால் டிராக்கில் ஆயில் கொட்டுகிற எல்லாவற்றையும் கம்பி போட்டுக் கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ரேஸுக்கு முன்னால் நடக்கிற சோதனையில் (ஸ்க்ரூட்டினி) வண்டியை உள்ளே விட மாட்டார்கள். கம்பி நுழைய போல்ட் தலையில் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை போட வேண்டும். மச்சான் 22 வருடமாக லேத் ஓட்டுகிறவர், "இதெல்லாம் ஒரு வேலையா" என்றுதான் உட்கார்ந்தார். அறுகோணத் தலையின் மூலையில் டிரில் பிட்டை வைத்தால் சறுக்கும். அழுத்தினால் டிக் என்று ஒடியும். முதல் போல்ட் முடிவதற்குள் 7 பிட் போயிற்று. ஏழாவது ஒடிந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தவர், ஒரு சின்ன இரும்புத் துண்டில் போல்ட் தலை அசையாமல் உட்கார வி வடிவப் பள்ளம் வெட்டி, பிட்டுக்கு வழிகாட்ட மேலே ஒரு ஓட்டையும் போட்டு, ஒரு ஜிக் செய்தார். மீதி 9 போல்ட்டும் இருபதே நிமிடம். அந்த ஜிக்கை இப்போது பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கம்பியை முறுக்கிக் கட்டும் வேலையை வாத்தியார் எடுத்துக்கொண்டார். அழகாக, பின்னல் போட்ட மாதிரி கட்டினார். அண்ணன் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். கம்பி போல்ட்டை எப்போதும் இறுகுகிற பக்கமாகத்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். வாத்தியார் கட்டியது அத்தனையும் கழற்றுகிற பக்கம். இயற்பியல் வாத்தியார்! இதை நாங்கள் சுலபத்தில் விடப்போவதில்லை.

கூலண்டை எல்லாம் வடித்துவிட்டு வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியாயிற்று (கூலண்டில் இருக்கிற கிளைகால் டிராக்கில் சிந்தினால் வழுக்கும், லேசில் காயாது). கண்ணாடி, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்டு எல்லாம் கழற்றியாயிற்று. பிரேக் ஆயில் புதுசு. இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை.

பெட்ரோல் கணக்குத்தான் எங்களை இரண்டு நாள் சண்டை போட வைத்தது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். நாங்கள் சராசரியாக ஒன்றரை நிமிடத்தில் ஒரு சுற்று வருகிறோம், அப்படியானால் 3 மணி நேரத்தில் 120 சுற்று, 252 கிலோமீட்டர். டேங்கை நிரப்பி, 20 சுற்று ஓட்டி, மறுபடி அதே அளவுக்கு நிரப்பிப் பார்த்தோம்: 2.2 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 19. அதாவது மொத்தம் 13 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். டேங்க் கொள்ளளவு 12. ஒரு லிட்டர் சில்லறைக்காக பிட்டில் (டிராக் ஓரத்தில் வண்டியை நிறுத்துகிற இடம்) நின்று பெட்ரோல் ஊற்ற வேண்டுமா? மச்சானுக்கு அது பொறுக்கவில்லை. கியரைச் சீக்கிரம் மாற்றி, நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 23 வரும், ஒரே டேங்கில் முடிக்கலாம் என்றார். ஓட்டிப் பார்த்தோம், 23 வந்தது, அதில் பொய்யில்லை. ஆனால் சுற்றுக்கு 3 நொடி கூடுதலாகிறது. வாத்தியார் போர்டு இல்லாத குறைக்கு பட்டறை ஷட்டரில் சாக்பீஸால் எழுதிக் காட்டினார். 3 நொடி கூடினால் 3 மணி நேரத்தில் 116 சுற்றுதான், நாலு சுற்று போச்சு. பெட்ரோல் ஊற்ற நின்றால் விதிப்படி குறைந்தது 2 நிமிடம், அதாவது ஒன்றரைச் சுற்றுகூட இல்லை. நிற்பதுதான் லாபம். மச்சான் கொஞ்ச நேரம் ஷட்டரையே பார்த்துவிட்டு, "சரிங்க வாத்தியாரே, லாக் வயரை மட்டும் நீங்க தொடாதீங்க" என்றார்.

யார் எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதில் அடி எனக்கு. அந்த 50 நிமிட பிராக்டிஸில் 25ஆவது நிமிடம் வரைக்கும் சுற்றுக்கு 1:29, 1:30 என்று போயிருக்கிறேன், அப்புறம் 1:33, கடைசியில் 1:36. ஆனால் வண்டி மேல் இருந்தபோது கடைசிப் பத்து நிமிடம்தான் நான் பிரமாதமாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோல் சூட்டுக்குள் உடம்பு வெந்துபோய், தண்ணீர் இல்லாமல், மூளை என்னென்னவோ சொல்கிறது. இறங்கியதும் ஹெல்மெட் கொக்கியைக்கூட விரல்களால் கழற்ற முடியவில்லை, அக்காதான் கழற்றிவிட்டார். பிரான்சில் 1922இல் தொடங்கிய போல் தோர் ரேஸில் ஆரம்ப காலத்தில் ஒரே ஆள் 24 மணி நேரமும் ஓட்டுவாராம். வாத்தியார் இதைச் சரியாக அந்த நேரத்தில் சொன்னார். வாத்தியாரின் சுற்றுகளைப் பார்த்தால் 1:32, 1:32, 1:31, 1:32 என்று சுவர்க் கடிகாரம் மாதிரி போகிறது, முதல் நிமிடமும் ஐம்பதாவது நிமிடமும் ஒன்றுதான். 45 நிமிடமாக நான்கு பங்கு, மூன்று பேர், யாராவது ஒருவர் இரண்டு தடவை ஓட்ட வேண்டும். மூன்று பேரில் மெதுவான ஆளான வாத்தியார்தான் அந்த ஒருவர் என்று அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார். நியாயம்தான். இருந்தாலும் அன்றைக்கு நான் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

இனி ஏறி இறங்குகிற கதை. மொத்தம் மூன்று நிறுத்தம். நடு நிறுத்தத்தில் பெட்ரோல். இன்ஜின் ஆஃப், வண்டி மேல் ஆள் இருக்கக்கூடாது, தீயணைப்பானோடு ஒருவர் தயாராக நிற்க வேண்டும், ஊற்றுகிற வேலை தவிர வண்டியில் வேறு எதையும் தொடக்கூடாது. அங்கே அவசரப்பட்டுப் பிரயோசனமில்லை. மற்ற இரண்டில் ஆள் மட்டும் மாறினால் போதும், அங்கேதான் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். ஜப்பானில் சுசுகா 8 மணி நேர ரேஸில் பெட்ரோல், இரண்டு சக்கரம், ஆள் எல்லாம் மாற்றி பத்துப் பதினைந்து நொடியில் அனுப்பிவிடுகிறார்கள். எங்களுக்கு ஆள் மட்டும் மாற முதல் நாள் 58 நொடி.

எதற்கு 58? இறங்குகிறவனும் ஏறுகிறவனும் ஒரே பக்கம் நின்றுகொண்டு ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொள்கிறோம். இறங்குகிறவன் இடப்பக்கம் இறங்கும்போதே ஏறுகிறவன் வலப்பக்கம் ஏறினால் பாதி நேரம் மிச்சம். சொல்ல எளிது. பதினெட்டு வயதிலிருந்து சைடு ஸ்டாண்டு இருக்கிற இடப்பக்கமாகவே ஏறி ஏறி, வலது காலைத் தூக்கிப் போடுவதுதான் உடம்புக்குத் தெரியும். வலப்பக்கம் நின்று இடது காலைத் தூக்கினால் கால் யாருடையதோ மாதிரி இருக்கிறது. மச்சான் சமாளித்துவிட்டார், ஆறடிக்கு எதுவும் ஏறும். வாத்தியார் முதல் பத்து தடவையும் வண்டியின் பின்பக்க மூடியை (ஃபேரிங்) உதைத்தார், அதில் இரண்டு தடவை வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த என்னை. அவருக்கு சீட்டில் யோகா மேட்டை வெட்டி ஒரு திண்டு வேறு வைக்க வேண்டும், முன்னால் நகர்ந்து உட்கார. அதை வெல்க்ரோவில் ஒட்டி, இறங்குகிறவர் பிய்த்து எடுக்க, ஏறுகிறவர் ஒட்ட என்று அதற்கே தனி ஒத்திகை. உள்ளே வரும்போதே நியூட்ரலில் போட்டுவிட வேண்டும், இதை நான் மூன்று தடவைக்கு ஒரு தடவை மறக்கிறேன்.

58, 48, 41. ஒரு வாரம் 41லேயே நின்றது. அப்புறம் அக்காதான் சொன்னார்: "நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசறீங்க. ஒருத்தர் சொன்னாப் போதும்." அதிலிருந்து அண்ணன் மட்டும்தான் குரல் கொடுப்பார், "பிடி", "எறங்கு", "ஏறு", "போ". நான்கு வார்த்தை. நேற்றைக்கு 19.

ரேஸ் அன்று சுற்று எண்ணுவது அக்காவின் மாமியார். சுற்றைத் தானாகவே எண்ணுகிற டிரான்ஸ்பாண்டர் வண்டியில் இருக்கிறது, ஆனாலும் பெட்ரோல் கணக்குக்கு நாமும் எண்ணிக்கொள்வது நல்லது என்று அண்ணன் சொன்னார். அத்தை முப்பது வருடமாகச் சீட்டு பிடிக்கிறவர், ஒரு ரூபாய் தப்பாது. புது நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டாயிற்று. விண்ணப்பத்தில் டீம் பெயர் என்று இருந்த இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது, நாளைக்குள் கொடுக்க வேண்டும்.

இன்று காலை ஆபீசுக்குப் போகிற வழியில் டீக்கடையில் நிறுத்தினேன். குடித்துவிட்டு வந்து, என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, என் பழைய ஸ்ப்ளெண்டரில் வலப்பக்கமாக ஏறி உட்கார்ந்தேன். சைடு ஸ்டாண்டு போட்டிருந்ததால் வண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்துதான் நின்றது, ஆனாலும் கால் எதையும் உதைக்கவில்லை. கல்லாவில் இருந்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏனுங்க தம்பி, கால்ல ஏதாச்சும் அடிங்களா?" என்றார்.